பையன் படிப்புக்கு ஒன்று, உங்கள் அறுபதுக்கு ஒன்று

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து 41 வயதுச் செவிலியர் ஒருவர், நிதி ஆலோசகனான எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். "சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ்தான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்று தொடங்குகிறார். பிழை இரண்டோ மூன்றோதான், அதை விடுங்கள். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரையும் சில விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

அவர் நிலைமை இது. அரசு மருத்துவமனையில் வேலை, வருடச் சம்பளம் சுமார் 3,24,000 ரேண்ட். கணவரும் வேலைக்குப் போகிறார். ஒரே மகன், வயது 14, இன்னும் நான்கு வருடத்தில் மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பான். அம்மா விட்டுப்போன 90,000 ரேண்ட் வங்கியில் நிலையான வைப்பில் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. அதுபோக மாதம் 2,500 ஒதுக்க முடியும். கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி, வட்டி 20 சதவீதம், அதற்கு மாதம் 900 கட்டி வருகிறார்.

"மூன்று ஃபண்டுகளின் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பிவைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். ஒன்று ஸ்டேபிள், ஒன்று பேலன்ஸ்டு, ஒன்று ஃபிளெக்ஸிபிள். எல்லாவற்றிலும் பங்கு, பாண்டு, சொத்து, வெளிநாடு என்று அதே பெயர்கள்தான். எது நல்லது?" என்று கேட்கிறார். கொழுந்தனார் ஃபிளெக்ஸிபிள்தான் என்கிறாராம், போன வருடம் அதுதான் அதிகம் ஏறியது என்று. வங்கியில் உட்கார்ந்திருந்தவர் பேலன்ஸ்டு எடுங்கள், தொடக்கக் கட்டணம் 3 சதவீதம் மட்டும் என்றாராம். இவருடைய யோசனை, 90,000-ஐ முப்பது முப்பதாகப் பிரித்து மூன்றிலும், அதுவும் வரியில்லாக் கணக்கில், ஒரேயடியாகப் போட்டுவிடுவது. பென்ஷனின் சேமிப்புப் பகுதியில் இருக்கும் 20,000-ஐயும் எடுத்து அதில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, எது நல்ல ஃபண்ட் என்று மொட்டையாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்தப் பணம், எப்போது வேண்டும் என்று சொன்னால் சொல்லலாம். அதை நீங்களே மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: "பையன் யூனிவர்சிட்டி ஃபீஸுக்கு ஆகும், மிச்சம் இருந்தால் எங்கள் வயதான காலத்துக்கு." உங்களிடம் இருப்பது ஒரு பணம் இல்லை, இரண்டு பணம். ஒன்று நான்கு வருடத்தில் வேண்டும். மற்றது இருபது வருடத்துக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டு எந்த அடுப்பில் வைப்பது என்று கேட்பதால்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

ஃபண்டுக்குப் போகுமுன் கார்டு பாக்கியை முடித்துவிடுங்கள். 18,000-க்கு 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3,600 ரேண்ட் வட்டி. அதை அடைத்தால் 20 சதவீதம் நிச்சய வருமானம், வரியும் இல்லை. இந்த மூன்று தாள்களில் எதுவும் அப்படி ஒரு உறுதி தராது. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் வாடும், அம்மா பணத்தைக் கடனுக்கா கொடுப்பது என்று. புரிகிறது. ஆனால் மாதாமாதம் வட்டிக்குப் போய்க்கொண்டிருப்பதும் அம்மாவின் மகள் சம்பாதித்த பணம்தானே.

பெயரை விடுங்கள், பிரிவைப் பாருங்கள்

ஸ்டேபிள், பேலன்ஸ்டு என்பதெல்லாம் கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் பெயர்கள். தாளின் முதல் பக்கத்தில், பெரும்பாலும் ஓரமாகச் சின்ன எழுத்தில், ஃபண்ட் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று போட்டிருக்கும். ஆசிசா என்ற முதலீட்டுக் கம்பெனிகளின் சங்கம் வகுத்த பிரிவுகள் அவை. பல சொத்துகளைக் கலந்து வைக்கும் ஃபண்டுகளில், பங்கு குறைவான பிரிவில் பங்குகள் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடுத்தரப் பிரிவில் 60. பங்கு அதிகமான பிரிவில் 75. ஃபிளெக்ஸிபிள் பிரிவுக்கு உச்சவரம்பே கிடையாது, மேலாளர் நினைத்தால் முழுவதையும் பங்கில் வைக்கலாம். உங்கள் ஸ்டேபிள் முதல் பிரிவு, பேலன்ஸ்டு மூன்றாவது.

ஆக, பேலன்ஸ்டு என்றால் பாதிக்குப் பாதி என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. நம் ஊரில் பேலன்ஸ்டு என்று விற்பவற்றில் பெரும்பாலானவை முக்கால்வாசி வரை பங்கு வைக்கலாம். 75 என்ற எண் வந்தது பென்ஷன் சட்டத்தின் 28-ஆவது விதியிலிருந்து. பங்கு 75-க்கு மேல் கூடாது, நிலம் கட்டடம் 25-க்கு மேல் கூடாது, வெளிநாட்டில் 45-க்கு மேல் கூடாது என்கிறது அது. ஓய்வுக்காலப் பணத்துக்குப் போட்ட கடிவாளத்தையே இந்த ஃபண்டுகளும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

"பணவீக்கம் + 5" என்று போட்டிருப்பதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது இலக்கு. அங்கே போக முயல்கிறோம் என்கிறார்கள், கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று எழுதித் தரவில்லை.

யூனிட் (ஃபண்டை வெட்டி விற்கும் ஒரு துண்டு) விலை 18 ரேண்டாக இருக்கும் ஃபண்ட் 160 ரேண்ட் ஃபண்டை விட மலிவு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடையில் பன்னி சௌ, ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தருவது, வாங்குகிறோமே, கால் வாங்கினாலும் முழுசு வாங்கினாலும் உள்ளே ஊற்றுவது ஒரே சட்டி மட்டன் கறிதான். கால் பன்னிக்கு விலை குறைவு என்பதால் கறி மலிவாகிவிட்டதா? யூனிட் விலை ரொட்டியை எங்கே வெட்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. 10 சதவீதம் ஏறினால் இரண்டிலும் உங்கள் 1,000 ரேண்ட் 1,100 ஆகும்.

மூன்றிலும் பிரித்துப் போட்டால் பத்திரம் என்ற எண்ணம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று கம்பெனிகளின் பேலன்ஸ்டு ஃபண்டில் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஒருநாள் மூன்று தாள்களையும் அடுத்தடுத்து வைத்து, முதல் பத்து முதலீடுகள் பட்டியலில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றில் நாஸ்பர்ஸ், அடுத்ததிலும் நாஸ்பர்ஸ். ஒன்றில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, மூன்றாவதிலும் அதே. அதே வங்கிகள், அதே சுரங்கங்கள். மூன்று வீட்டுச் சாம்பாரை ஒரே இலையில் ஊற்றிக்கொண்டு விருந்து என்று நினைத்திருக்கிறேன். பல சொத்துக் கலவை ஃபண்ட் என்பதே பிரித்துவைத்த பணம்தான். அதை மறுபடி பிரித்தால் தாள்கள் மூன்று மடங்காகும், பாதுகாப்பு மூன்று மடங்காகாது. உங்கள் மூன்றையும் சேர்த்தால் நடுவில் எங்கேயோ ஒரு நடுத்தரப் பிரிவு ஃபண்ட்தான் வரும். அது பையனுக்கும் பொருந்தாது, உங்கள் அறுபதுக்கும் பொருந்தாது.

கொழுந்தனார் பார்த்த போன வருட எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாளிலேயே, ஃபண்ட் தொடங்கியதிலிருந்து எந்த 12 மாதத்தில் மிக மோசமாகப் போனது என்று ஒரு எண் இருக்கும். அவரை அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மோசமான எண் ஒரு குடும்பத்துக்குள் வரும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி நடுவிலிருந்து ஒரே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க் சந்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. கொரோனா பொதுமுடக்கம் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, தினமும் காலையில் பார்க்கிறேன், தினமும் குறைகிறது, எடுத்துவிடு." முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் மனைவியும் பக்கத்திலிருந்து, எடுங்கள் என்கிறார். கடைசியில் அவர் பணம், அவர் முடிவு. எல்லாவற்றையும் மணி மார்க்கெட் ஃபண்டுக்கு, அதாவது பங்கே இல்லாமல் குறுகிய கால வைப்பு, கடன்களில் மட்டும் போடும் ஃபண்டுக்கு மாற்றினோம். அந்த வருடம் முடிவதற்குள் சந்தை விழுந்ததை முழுவதுமாக மீட்டுக்கொண்டது. அவர் திரும்ப உள்ளே வந்தது அடுத்த வருடம், அதிக விலையில். அவர் வைத்திருந்த ஃபண்டில் குறை எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் வீட்டுக்கூரை மாற்ற வேண்டிய பணத்தைப் பங்கு அதிகமான ஃபண்டில் போட்டிருந்தார், அதனால்தான் அவருக்குத் தூக்கம் போனது. அந்த மார்ச்சில் ஸ்டேபிள் வகைகளும் இறங்கின என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைவாக இறங்கின, அவ்வளவுதான். ஸ்டேபிள் என்ற பெயரைப் பார்த்து அதை வங்கி வைப்பு மாதிரி நினைக்க வேண்டாம்.

கட்டணம்

வருமானம் எவ்வளவு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, கட்டணம் எவ்வளவு போகும் என்பது தாளிலேயே இருக்கிறது. மொத்த முதலீட்டுச் செலவு என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். நிர்வாகச் செலவும் வாங்கி விற்கும் செலவும் சேர்ந்தது அது. உங்கள் மூன்று தாளில் நீங்கள் வட்டம் போடாத ஒரே எண் அதுதான்!

மாதம் 2,000 வீதம் 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்டது 4,80,000. செலவுக்கு முன் வருடம் 10 சதவீதம் வளர்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், அரை சதவீதம் பிடிக்கிற ஃபண்டில் கடைசியில் சுமார் 14,24,000 இருக்கும். 2 சதவீதம் பிடிக்கிற ஃபண்டில் சுமார் 11,78,000. இடையில் போனது 2,46,000 ரேண்ட், நீங்கள் மொத்தமாகப் போட்டதில் பாதிக்கு மேல்.

பேலன்ஸ்டு ஃபண்டில் இரண்டு வகை உண்டு. ஆலன் கிரே, கொரோனேஷன் மாதிரி மேலாளர்கள் பங்கு பங்காகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒன்று. சாட்ரிக்ஸ், சிக்னியா, 10எக்ஸ் மாதிரி கம்பெனிகள் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றி நடத்துவது இன்னொன்று, இதில் பெரும்பாலும் செலவு குறைவு. முதல் வகையில் நல்ல ஃபண்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த 20 வருடத்துக்கு யார் நல்லவர் என்று இன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும். முதன்முறை போடுகிறவருக்கு அந்த வேலை எதற்கு? நான் இவற்றில் எதையும் விற்பவன் இல்லை, மணிக்கு இவ்வளவு என்று ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறவன். உங்கள் இருபது வருடப் பணத்துக்கு என் ஓட்டு குறியீட்டு பேலன்ஸ்டு ஃபண்டுக்கு.

வரியில்லாக் கணக்கு ஒரு உறை

வரியில்லாக் கணக்கை நான்காவது ஃபண்ட் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது ஃபண்ட் இல்லை, மேலே போடும் உறை. அதே பேலன்ஸ்டு ஃபண்டை உறைக்குள்ளும் வாங்கலாம், வெளியிலும் வாங்கலாம். உள்ளே இருந்தால் வட்டி, டிவிடெண்ட், லாபம் எதற்கும் வரி கிடையாது. மேலாளர்கள் லாபத்தில் பங்கு கேட்கும் செயல்திறன் கட்டணத்துக்கும் உள்ளே அனுமதி இல்லை.

ஆனால் உறைக்கு அளவு உண்டு. 2015-இல் தொடங்கியபோது வருடத்துக்கு 30,000 ரேண்ட், 2020 மார்ச்சில் அது 36,000 ஆனது. நிதியமைச்சர் பட்ஜெட்டில் இதை மாற்றுவது உண்டு என்பதால், போடுகிற வருடத்தின் வரம்பைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். வருடம் என்பது மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. ஆயுளுக்கு 5,00,000. வரம்பைத் தாண்டிய பணத்துக்கு 40 சதவீதம் வரி. 36,000 வரம்புள்ள வருடத்தில் நீங்கள் நினைத்தபடி 90,000-ஐயும் போட்டிருந்தால், கூடுதலான 54,000-க்கு 21,600 ரேண்ட் வரித்துறைக்குப் போயிருக்கும். மூன்று கம்பெனியில் மூன்று கணக்கு திறந்தாலும் வரம்பு மூன்றுக்கும் சேர்த்துத்தான். நல்லவேளை, போடுவதற்கு முன்பே எழுதினீர்கள்.

இன்னொன்று, உள்ளே போட்டு வெளியே எடுத்தால் அந்த இடம் திரும்ப வராது. 30,000 போட்டு நான்கு வருடம் கழித்துப் பையன் ஃபீஸுக்கு எடுத்தீர்கள் என்றால், ஆயுள் வரம்பில் 30,000 போனது போனதுதான். அதனால் பையன் பணத்தை உறைக்குள் போட வேண்டாம். அந்த அளவு பணத்துக்கு வரும் வட்டி, 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உள்ள 23,800 ரேண்ட் வருட விலக்குக்குள் சுலபமாக அடங்கிவிடும். உறையை இருபது வருடப் பணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷனின் சேமிப்புப் பகுதிக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 1 முதல், ஓய்வுக்கு முன்பே இதிலிருந்து பணம் எடுக்கும் வசதி வந்ததும் எல்லோருக்கும் கை அரிக்கிறது. எடுக்கும் பணம் உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். உங்கள் அடுக்கில் 26 சதவீதம். 20,000 எடுத்தால் கையில் வருவது 14,800. வரி மிச்சம் பிடிக்க ஒரு கணக்கில் போடுவதற்காக முதலில் 5,200 வரி கட்டுவதா? மேலும் நீங்கள் அரசு ஊழியர் பென்ஷன் நிதியில் இருக்கிறீர்கள். அங்கே கணக்கு உங்கள் கடைசிச் சம்பளத்தையும் பணி வருடங்களையும் வைத்துப் போடப்படுகிறது, எடுத்த பணத்துக்கு ஈடாகப் பணி வருடத்தில் குறைப்பார்கள். தொடவே வேண்டாம். அந்த பென்ஷன் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் வரப்போவது என்பதால்தான், மற்ற இருபது வருடப் பணத்தைப் பங்கு அதிகமான பிரிவில் வையுங்கள் என்று தைரியமாகச் சொல்கிறேன். பென்ஷன் இல்லாத ஒருவருக்கு இதே பதிலை எழுதியிருக்க மாட்டேன்.

சரி, நானாக இருந்தால் எப்படிப் பிரிப்பேன்? 90,000-இல் 18,000 கார்டுக்கு. மிச்சம் 72,000. உங்கள் பங்கு வீட்டுச் செலவு மாதம் 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் மூன்று மாதத்துக்கு 42,000-ஐ வங்கியிலேயே, கேட்டால் உடனே கிடைக்கிற கணக்கில் விட்டுவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகி, அங்கே ஜனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்கு வாளியோடு நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு வாரத்தில் யூனிட்டை விற்றுப் பணம் வர நாலைந்து நாள் காத்திருக்க முடியாது. வங்கி வைப்புக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ரேண்ட் வரை காப்பும் இருக்கிறது. மிஞ்சிய 30,000 பையனுக்கு, பங்கு குறைவான பிரிவில். கார்டு முடிந்ததால் விடுபடும் 900-த்தோடு 500 சேர்த்து மாதம் 1,400-ஐயும் அதிலேயே போடுங்கள். நான்கு வருடத்தில் வளர்ச்சி இல்லாமலே 97,200 வரும். அவன் பதினோராம் வகுப்பு முடிக்கும்போது, முதல் வருட ஃபீஸுக்கு வேண்டியதை மணி மார்க்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். மீதி 2,000-ஐச் சம்பளம் விழுந்த மறுநாளே டெபிட் ஆர்டரில் வரியில்லாக் கணக்குக்கு அனுப்புங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்க்காதீர்கள்.

வங்கி ஆளிடம்

தொடக்கக் கட்டணம் 3 சதவீதம் "மட்டும்" என்றாரே, அது 90,000-க்கு 2,700. மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் சேர்த்தால் 3,105. முதல் நாளே அவ்வளவு குறைந்துதான் உங்கள் பணம் உள்ளே போகும். இது பேசிக் குறைக்கக்கூடியது, நேரடியாக ஃபண்ட் கம்பெனியில் போட்டால் பல இடங்களில் கிடையவே கிடையாது. அவர் தப்பானவர் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடனைப் பற்றியோ பையன் வயதைப் பற்றியோ அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிதி ஆலோசனைச் சட்டப்படி அவர் உங்கள் நிலைமையை விசாரித்து, எதனால் இந்த ஃபண்டைச் சொல்கிறேன் என்று எழுத்தில் தர வேண்டும். அதைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. அவருடைய உரிம எண்ணை நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ. அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பின்னால் தகராறு என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அங்கே தீராவிட்டால் நிதி ஆலோசனைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஒன்று மட்டும், சந்தை இறங்கியதற்குப் புகார் கொடுக்க முடியாது, தவறான ஆலோசனைக்குத்தான் முடியும்.

ஃபண்ட் கம்பெனி திவாலானால் பணம் போய்விடுமா என்ற பயத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். யூனிட் டிரஸ்ட், அதாவது இந்த மாதிரி ஃபண்டுகளின் சொத்துகள் கம்பெனியின் சொந்தக் கணக்கில் சேராமல் தனியாக, அறங்காவலர் அல்லது காப்பாளர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருடச் சட்டம். கம்பெனியின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. மதிப்பு ஏறும் இறங்கும் என்பது வேறு விஷயம்.

பின்குறிப்பில், மகன் பெயரிலும் ஒரு வரியில்லாக் கணக்கு தொடங்கலாமா என்று கேட்டீர்கள். தொடங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். அவன் பெயரில் போடும் ஒவ்வொரு ரேண்டும் அவனுடைய ஆயுள் வரம்பில்தான் கழியும். நாளைக்கு அவன் சம்பாதித்துப் போட அந்த 5,00,000 முழுதாக இருக்கட்டும். முதலில் உங்கள் உறை நிரம்பட்டும், மாதம் 2,000 வீதம் அதற்கே இருபது வருடம் ஆகும்.